பூங்காவுக்கு முன்பு அங்கே இருந்த பாதை

என் முன்னால் ஒரு பச்சைச் சீட்டித் திரை தொங்கியது. அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் நின்றது. அந்த இடைவெளி வழியாக மனுவை உள்ளே தள்ளினேன்.

உள்ளே தாளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஆசியா ராத்தாவின் குரல்.

“இது நான் எழுதினதுதானே தம்பி. எனக்கே திருப்பிக் கொண்டாந்தா என்ன அர்த்தம்?”

“ஆபீஸில யாருக்கும் வாசிக்கத் தெரியலை ராத்தா. நீங்க வாசிங்க. நான் தமிழ்ல எழுதிக்கிடுறேன்.”

“இதுவும் தமிழ்தான்” என்றார்.

அது உண்மை. மனு தமிழில்தான் இருந்தது, எழுத்து மட்டும் அரபு. அந்தக் கடற்கரை ஊர்களில் அந்தக் காலத்து முஸ்லிம் பெண்கள் பலருக்கு அரபுத் தமிழ் எழுதவும் படிக்கவும் நன்றாக வரும். இலங்கையில் இருக்கும் கணவருக்குக் கடிதம் எழுதுவார்கள். மருந்துக் குறிப்பு எழுதி வைப்பார்கள். எங்கள் அலுவலகப் பதிவேட்டில் அவர்கள் எல்லோரும் ‘எழுத்தறிவு இல்லாதவர்கள்’. அப்படிக் குறித்தவர்களில் நானும் ஒருவன்.

அவர் வாசித்தார், நான் எழுதினேன். வரிக்கு வரி நிறுத்தி, நான் எழுதி முடித்துவிட்டேனா என்று கேட்டுக்கொண்டுதான் அடுத்த வரிக்குப் போனார். பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்துப் பழகியவர். பத்துப் பன்னிரண்டு வரி தாண்டியிருக்கும்.

“‘இந்த விசயத்தை நாங்கள் முன்னமே உங்கள் அலுவலரிடம் சொல்லியிருக்கிறோம். அவர் நல்ல பிள்ளை. ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டு போனார். மேலே வந்து சேர்ந்த இடத்தில்தான் எங்கேயோ தவறிப் போயிருக்கிறது.’ எழுதிட்டீகளா?”

எழுதவில்லை. அந்த அலுவலர் நான்தான்.

ரேடியோ சார்

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஊர்தோறும் வளர்ச்சித் திட்டம் என்று ஜீப்புகள் ஓடிய காலம். பி.ஏ. முடித்த கையோடு எனக்குச் சமூகக் கல்வி அமைப்பாளர் என்ற உத்தியோகம் கிடைத்தது. படிப்பகம் வைப்பது, ஊர்ப் பொது ரேடியோவை வேலை செய்ய வைப்பது, இளைஞர்களுக்குப் பந்து வாங்கிக் கொடுப்பது, விளையாட்டு மைதானமும் பூங்காவும் அமைப்பது எல்லாம் என் பொறுப்பு. இவ்வளவு நீளமான பதவிப் பெயரை யார் சொல்வார்கள்? ‘ரேடியோ சார்’ என்றே கூப்பிட்டார்கள்.

எங்கள் ஊர் கடலிலிருந்து இருபது மைல் உள்ளே, வானம் பார்த்த பூமி. நாங்கள் விவசாயக் குடும்பம். ஜனங்கள் காலார நடக்க இடம் அமைத்துக் கொடுப்பதும் என் வேலை என்று வீட்டில் போய்ச் சொன்னபோது அய்யா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏலே, நடக்குறதுக்குமா சர்க்காரு ஆள் போட்டிருக்கு?” என்று கேட்டார்.

வேடிக்கைக்குக் கேட்கவில்லை. காலையில் காட்டுக்கும் பொழுது சாய வீட்டுக்குமாக ஆயுள் முழுவதும் நடந்தவருக்கு நிஜமாகவே புரியவில்லை. எனக்கு அன்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அய்யாவுக்காக வெட்கப்பட்டேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

சென்னையில் படித்தபோது மாலை நேரத்தில் கடற்கரைச் சாலையில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் உலாவுவதைப் பார்த்திருக்கிறேன். வேலையற்று, அவசரமற்று நடப்பார்கள். அது எனக்குப் பெரிய நாகரிகமாகப் பட்டது. என் வட்டாரத்துக் கடற்கரையில் ஒரு ஊருக்காவது அதைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஆசை.

அப்படி அகப்பட்ட ஊர், உச்சிப்புளியில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெற்கே கடல் பக்கம் போனால், புதுமடத்தைத் தாண்டி வரும். பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்கள். அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

சபையில் கேட்ட கருத்து

பூங்கா அமைக்கும் முன் ஊராரின் கருத்தைக் கேட்டு எழுத வேண்டும் என்று மேலிருந்து படிவம் வந்திருந்தது. நல்ல ஏற்பாடு. அதற்காகப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டோம்.

பஞ்சாயத்துத் தலைவர் ஒரு மரைக்காயர். ஐம்பதைத் தொடும் வயது, வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. பொய் சொல்லத் தெரியாத மனிதர். இந்தக் கதையில் அவர்மேல் எனக்குக் குறையே கிடையாது.

ரங்கூனில் கடை வைத்திருந்து யுத்தத்தில் நடந்தே ஊர் திரும்பிய ஒருவர் முதலில் எழுந்தார். “ரங்கூன்ல ஒரு பார்க்கு பாத்தேன் சார். நடுவுல ஏரி. ஏரிக்குள்ள அன்னப்பறவை.”

“இங்கனயும் தண்ணி கெடக்கு காக்கா. அன்னத்துக்குப் பதிலா கொக்கை விட்டுக்கலாம்” என்றார் பின்னாலிருந்து ஒருவர். காக்கா என்றால் அங்கே அண்ணன். சபை சிரித்தது.

பக்கத்துப் பட்டியிலிருந்து வந்திருந்த விவசாயி ஒருவர், “ஆடு திங்காத செடி ஏதும் சர்க்காருகிட்ட இருந்தா வைங்க. இல்லாட்டி வேலிக்குச் செலவழிச்சதுதான் மிச்சம்” என்றார். அந்தக் கூட்டத்தில் சொல்லப்பட்டதில் அதுதான் முழுசாகப் பலித்தது.

இடம் எது என்ற பேச்சு வந்தது. ஊரின் கிழக்கே, கடைசித் தெருவின் கொல்லைப்புறங்களுக்கும் கடலுக்கும் நடுவில் புறம்போக்கு நிலம் கிடந்தது. பனைகள், கொஞ்சம் தாழைப் புதர், உடைமுள், மீதி வெள்ளை மணல். வரைபடத்தில் அதைப் பார்த்ததுமே நான் முடிவு செய்துவிட்டேன். தெருவிலிருந்து அலைவரை வளைந்து போகும் ஒரு உலாவும் பாதை, இரண்டு பக்கமும் சிமெண்டு பெஞ்சு, நடுவில் ரேடியோக் கம்பம். கையால் வரைந்து வண்ணமும் தீட்டி வைத்திருந்தேன்.

“அங்கே இப்போது என்ன இருக்கிறது?” என்று படிவத்தில் இருந்தபடி கேட்டேன்.

தலைவர் வரைபடத்தைப் பார்த்தார். மற்றவர்கள் தலைவரைப் பார்த்தார்கள்.

“அங்கன ஒண்ணும் இல்லை சார். காலிதான்” என்றார் தலைவர்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ‘காலி’ என்று எழுதிக்கொண்டேன்.

அங்கே இருந்தது

அங்கே ஒரு பாதை இருந்தது. ஆண்களின் காலடி படாத பாதை.

அந்த ஊரில் பெண்கள் தெருவில் அதிகம் நடமாட மாட்டார்கள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து, பொழுது சாய்ந்ததும் வரும் மஃரிப் தொழுகைக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் இருக்கும். அப்போது கொல்லைக் கதவுகள் திறக்கும். கொல்லைக்குக் கொல்லை தட்டி ஆள் சேர்த்துக்கொண்டு, பனைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையாகப் போய், தாழைக்கு அப்பால் மணலில் உட்கார்ந்து, காலை அலையில் நனைத்துவிட்டு வருவார்கள். அந்த நேரத்தில் ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. வலைக்காரர்கள்கூட வள்ளத்தை மேற்குப் பக்கம்தான் ஏற்றுவார்கள். அவசரமாகப் போகவேண்டி வந்தவன் தூரத்திலேயே நின்று உரக்கச் செருமுவான்.

போவதில்லை என்பதோடு முடியவில்லை. பார்ப்பதும் இல்லை, பேசுவதும் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் இந்த வழியாக நடக்கிறார்கள் என்று சபையில் வாயால் சொல்வது மரியாதைக் குறைவு. பரம்பரையாகப் பார்க்காமல் பழகி, கடைசியில் சபையில் கேட்டபோது ‘காலி’ என்றுதான் அவர்களுக்கு வந்தது. தலைவரின் மனைவி தினமும் நடக்கும் இடம் அது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், பெண்களே சொன்னார்கள்.

படிவத்தில் ‘பெண்களின் கருத்து’ என்று தனிக் கட்டம் இருந்தது. அதைக் கேட்டு எழுத வேண்டிய கிராம சேவிகை பிரசவத்துக்குப் போயிருந்தார். நானே கேட்கிறேன் என்றேன். தலைவர் யோசித்து, தன் அக்கா வீட்டில் ஏற்பாடு செய்தார். அவர்தான் ஆசியா ராத்தா. கணவரை இழந்தவர். அந்தத் தெருப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் ஓதிக் கொடுப்பவர்.

வீட்டு நடையில் எனக்குப் பாய் போட்டிருந்தது. பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் ராத்தாவோடு சேர்த்துப் பதினோரு பேர்.

“தம்பி கேக்குறாக, சொல்லுங்கடி. பின்னால எங்கிட்ட வந்து சொல்லக்கூடாது” என்றார் ராத்தா.

ஒரு குரல்: “பார்க்கை எங்கன வேணும்னாலும் போடச் சொல்லுங்க ராத்தா. நம்ம பாதையில மட்டும் வேணாம்.”

“எந்தப் பாதை?” என்று கேட்டேன். அப்போதுதான் அதையெல்லாம் சொன்னார்கள். ஒருவர் தொடங்க, ஒருவர் திருத்த, ஒருவர் சிரிக்க, மாற்றி மாற்றி வந்தது.

“பெஞ்செல்லாம் எதுக்கு? மண்ணுல உக்காந்தாத்தான் காலை நீட்டலாம்.”

“உடைமுள்ளை வெட்டிக் குடுத்தா புண்ணியமாப் போகும். சின்னதுக காலெல்லாம் கிழிஞ்சு கெடக்கு.”

“நடுவுல ஒரு ஊத்து தோண்டலாம். ரெண்டு முழத்துல நல்ல தண்ணி வரும். எனக்கு இடம் தெரியும்.”

இழுப்பு நோய்க்காரி ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே, “அந்தக் காத்து இல்லைன்னா எனக்கு ராத்திரி உறக்கம் கிடையாது” என்றார்.

கடைசியாக ஓர் இளங்குரல். “மாமியாளைப் பத்திப் பேச வேற எங்கன இடம் இருக்கு ராத்தா? அதையும் எழுதிக்கச் சொல்லுங்க.”

“உன் மாமியா இங்கனதாண்டி இருக்கா” என்றார் ராத்தா. திரையே குலுங்கும்படி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். ஒரு சொல் விடவில்லை. அந்த அளவில் மனுவில் இருந்த வாசகம் சரிதான்.

நான் செய்தது

அலுவலகம் திரும்பியபோது மேஜைமேல் என் வரைபடம் இருந்தது. எங்கள் அதிகாரி அதைப் பார்த்துவிட்டு ஓரத்தில் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்.

பெண்கள் சொன்னதை எழுதினால் இடத்தை மாற்ற வேண்டும். சபையை மறுபடி கூட்ட வேண்டும். ‘காலி’ என்று நான் எழுதியது தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். புதிதாக வரைய வேண்டும். பசுமையான என் வளைந்த பாதை போய்விடும்.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. யாரும் மிரட்டவில்லை. ‘பெண்களின் கருத்து’ என்ற கட்டத்தில், ‘பெண்களும் மனமுவந்து வரவேற்கின்றனர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோட்டை இழுப்பறையில் வைத்தேன்.

எழுதும்போது ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். பூங்கா வந்துவிட்டால் அவர்களும் அதில் நடக்கத்தானே போகிறார்கள் என்று. திரைக்குப் பின்னாலிருந்து பேசியவர்கள் ரேடியோக் கம்பத்துக்கடியில் ஆண்களுக்கு நடுவே உலாவ வருவார்கள் என்று நான் நம்பினேனா? நம்பவில்லை. நம்பியது போல இருந்துகொண்டேன்.

கூட்டம் நிறைந்த பூங்கா

பூங்கா திறந்தது. முள்கம்பி வேலி, வாசலில் வளைவு, எட்டுப் பெஞ்சு. முதல் மாதமே ஆடுகள் செடிகளை முடித்துவிட்டன. ஆனாலும் மாலையானால் கூட்டம். ரேடியோவில் பாட்டு, மேற்குத் தெரு இளைஞர்கள், வெளியூரிலிருந்து சைக்கிளில் வந்தவர்கள் எல்லாம் அலைவரை உலாவினார்கள். பக்கத்து வட்டாரத்து அதிகாரிகளைக் கூட்டிவந்து காட்டினோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசித் தெருவின் கொல்லைக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. அதை நான் கவனித்தேன். கவனிக்காமல் இருந்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

மூன்று மாதம் போயிருக்கும். தையல் வகுப்பு ஒன்று தொடங்குவது பற்றிக் கேட்க ஆசியா ராத்தா வீட்டுக்குப் போனேன். அதே நடை, அதே திரை. டீ வந்தது. வகுப்பு விஷயம் பேசி முடித்த பிறகு அவர் கேட்டார்.

“அன்னைக்கு நாங்க சொன்னதை எழுதினீகதானே தம்பி?”

“எழுதினேன் ராத்தா.”

நோட்டில் எழுதினேன்தானே. வாய் கூசாமல் வந்தது.

“அப்ப மேல உள்ளவுகதான் காதுல போட்டுக்கலை போல” என்றார். அவர் குரலில் சந்தேகம் துளியும் இல்லை. பிறகு, புகாராக இல்லாமல் செய்தி சொல்வது போலச் சொன்னார். “மூணு மாசமா கடலைப் பாக்கலை. சத்தம் மட்டும் கேக்குது.”

கடல் அவர் கொல்லையிலிருந்து கூப்பிடு தூரம்.

அந்த வாரமே அவர்கள் மனு எழுதித் தபாலில் போட்டிருக்கிறார்கள். உறைமேல் முகவரி மட்டும் தமிழ் எழுத்தில், பழகாத கையில். அலுவலகத்தில் உறையைப் பிரித்த குமாஸ்தா இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் கொண்டுபோனார். அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

“உம்ம பூங்கா இருக்கிற ஊர்தானே? என்னவென்று கேட்டுத் தமிழில் எழுதிக்கொண்டு வாரும்.”

பதினோரு பெயர்கள் கீழே இருந்தன. பெயர்கள் என்று எண்ணிக்கையை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். என்னைப் பற்றிய புகார் என்றே நினைத்தேன். இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். ஏதோ பிரார்த்தனை, துஆ எழுதி வாழ்த்தியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் அத்தோடு போச்சு. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஊர் ஆண்களிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னால் வீட்டு விஷயம் வெளியே வந்து ரகளையாகும். மூன்றாம் நாள் பஸ் ஏறி ராத்தா வீட்டுக்கே போனேன். நல்ல மனசால் போனேனா, மாட்டிக்கொள்ளும் பயத்தால் போனேனா என்று இத்தனை வருடம் கழித்தும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

திரையின் முன்னால்

“எழுதிட்டீகளா?” என்று ராத்தா மறுபடி கேட்டார்.

புகாராக இருந்திருந்தால் எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன். நல்ல பிள்ளை என்பதை என் கையால் எழுத முடியவில்லை.

“ராத்தா, நான் அதை மேலே அனுப்பலை.”

“எதை?”

“நீங்க சொன்னதை. நோட்டில எழுதினேன். அனுப்பினது வேற. நீங்க எல்லாரும் பூங்காவை வரவேற்கிறதா எழுதி அனுப்பினேன்.”

உள்ளே யாரோ எதையோ இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றது. ராத்தா எழுந்து போய்விட்டாரோ என்றுகூட நினைத்தேன். திரைக்குக் கீழே மனுத் தாளின் ஒரு மூலை தெரிந்தது. அது அசையவில்லை.

பிறகு, “அப்ப அந்த வரியை அடிச்சிருங்க” என்றார்.

“எந்த வரி ராத்தா?”

“நல்ல பிள்ளைங்கிற வரியை.”

அடித்தேன்.

“அதுக்கு முன்ன உள்ளதையும் அடிங்க. முன்னமே சொன்னோம்னு இருந்தா, யாருகிட்டச் சொன்னீகன்னு கேப்பாக.”

“அது நிசம்தானே ராத்தா.”

“நிசம்தான். விசாரணை, அது இதுன்னு அதுலயே வருசம் போகும். எங்களுக்குப் பாதை வேணும். மத்ததை எழுதுங்க.”

அதையும் அடித்தேன். வேண்டாம், அது இருக்கட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னபடி செய்கிறேன் என்ற பெயரில் எனக்கு வசதியானதைச் செய்தேன்.

கேட்டபோது சொன்னால் என்ன?

மனு போய்ச் சேர்ந்ததும் அதிகாரி நேரில் வந்தார். கடுமையானவர், ஆனால் நியாயமானவர். தலைவரைத் தனியாக அழைத்துப் பேசினார். தலைவர் தலையைக் குனிந்துகொண்டு, “எல்லாம் தெரிஞ்சதுதான் சார். சபையில வச்சு அதை எப்படிச் சொல்றது?” என்றார்.

“பெண்களைத் தனியாகக் கேட்டோமே. அவர்களாவது சொல்லியிருக்கலாம்” என்றார் அதிகாரி. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோப்பில் அவர் எழுதியதை நானே நகல் எடுத்தேன். ‘பெண்கள் முன்னரே தெரிவிக்கத் தவறியபோதிலும், அவர்களது கோரிக்கை நியாயமானதால் ஏற்கப்படுகிறது.’

அன்று மாலை முடிவைச் சொல்ல நானும் தலைவரும் ராத்தா வீட்டுக்குப் போனோம். தலைவருக்குச் சங்கடம் எல்லாம் கோபமாக மாறியிருந்தது. நடையில் நின்றபடியே திரையைப் பார்த்துப் பேசினார்.

“ஏன் ராத்தா, கேட்டப்பவே சொல்லியிருந்தா இந்தக் கூத்து வருமா? சார் இங்கன வந்து உக்காந்து கேட்டாகளா இல்லையா?”

“கேட்டாக.”

“அப்ப ஏன் சொல்லலை? பதினோரு பேரு இருந்தீக. ஒருத்திக்குமா வாயில்லை? பெரிய ஆபீசரு முன்னால நான் தலைகுனிஞ்சு நின்னேன்.”

நான் தலைவருக்குப் பக்கத்தில், தோள் உரசும் தூரத்தில் நின்றேன். ஒரு வாக்கியம் போதும். வாயைத் திறக்கவில்லை.

“அப்பத் தோணலை” என்றார் ராத்தா.

ஐந்து வேளை தொழுகிறவர். பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று ஓதிக் கொடுக்கிறவர்.

வேலி நகர்ந்தது

ஒரு மாதத்தில் வேலியைப் பிடுங்கினோம். பூங்கா மேற்குப் பக்கம் ஒதுங்கியது. என் வளைந்த பாதை வள்ளங்கள் ஏற்றும் இடத்தை நோக்கித் திரும்பியது. உலாவ வந்தவர்களுக்கு அதுவே பிடித்துப்போயிற்று. மீன் வந்து இறங்குவதைப் பார்க்கலாமே. ரங்கூன்காரர் தினமும் அங்கேதான் உட்கார்ந்தார். கிழக்குப் பக்கம் பனையோலை கட்டி மறைத்தோம். உடைமுள்ளை வெட்டச் சொன்னேன். ஊற்றுக்கு எந்த இடம் என்று ராத்தா மூலம் கேட்டு அனுப்பி, சொன்ன இடத்தில் தோண்டினோம். இரண்டு முழத்தில் நல்ல தண்ணீர் வந்தது.

ஒருநாள் அஸருக்குப் பிறகு பூங்கா ஓரத்தில் நின்றிருந்தேன். ஓலை மறைப்புக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. எந்த மாமியார் அகப்பட்டாரோ தெரியவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவ்வளவு நிம்மதிக்கு நான் உரியவன் இல்லை என்பதும் தெரிந்தது. மறைப்பைப் பார்க்காமல் திரும்பி நடந்தேன்.

ஊராரின் தேவை அறிந்து திட்டத்தைத் திருத்தி அமைத்தவன் என்று எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரோடு மாற்றல் வந்தது, பிறகு உயர்வும் வந்தது. அதற்குப் பின் முப்பது வருடம் எத்தனையோ ஊர்களில் சாலைக்கும் கிணற்றுக்கும் பள்ளிக்கும் இடம் பார்த்திருக்கிறேன். சபையில் ‘காலி’ என்று சொன்ன இடத்துக்கெல்லாம் மாலை நேரத்தில் ஒருமுறை தனியாகப் போய், மணலில் தடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்திருக்கிறேன். சக உத்தியோகஸ்தர்கள் கேலி செய்வார்கள். என் உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்ததெல்லாம் அந்தப் பதினோரு பேர் போட்ட பிச்சை.

விடைபெறப் போனபோது

மாற்றல் உத்தரவு வந்ததும் ராத்தாவிடம் சொல்லப் போனேன். வெகு நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“அன்னைக்கு ஏன் ராத்தா என்னைக் காட்டிக் கொடுக்கலை?”

“காட்டிக் குடுத்தா உங்க வேலை போயிரும். புதுசா ஒருத்தர் வருவாரு. அவருக்கும் முதல்லருந்து எல்லாத்தையும் சொல்லணும். உங்களை ஒருமாதிரி பழக்கியாச்சு.”

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அவர் சிரிப்பு முதலில் நின்றது.

“என் கூடப் பொறந்த தம்பிகிட்ட ஒரு பொய் சொன்னேன்ல. அதுக்கு நான் என்னைப் படைச்ச ரப்புகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிடுறேன். உங்க பொய்க்கு நீங்கதான் பாத்துக்கிடணும், தம்பி.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. தலைவர் இருந்தவரை அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் மறைந்தார். ராத்தாவும் மறைந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு வேலை போகும் பயமெல்லாம் போய்ப் பல வருடம் ஆகிறது. அதற்குப் பிறகும் சொல்லாமல் இருந்ததற்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை.

அந்தத் தெருக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கெங்கோ இருப்பீர்கள். உங்கள் வீட்டில் எப்போதாவது இந்தப் பேச்சு வந்திருக்கும். கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு மனுப் போட்டார்கள் என்று யாராவது ஒரு ஆண் சொல்லியிருப்பார். அவர்மேல் தப்பில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான்.

அது உண்மை இல்லை. கேட்ட அன்றே சொன்னார்கள். பதினோரு பேரும் சொன்னார்கள்.